நாற்காலியை விட்டு எழுந்தபின்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றவுடன் தமிழின் முதல் புதினத்தை இயற்றியவர் என்ற ஒற்றை வரியோடு நம் பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. சற்றே விரித்து எழுதும் இலக்கிய வரலாறுகள், அவர் 1872ஆம் ஆண்டில் முன்சீப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார் என்றும், அவ்வோய்வைப் பயன்படுத்தி நூல்கள் பல யாத்தார் என்றும் கூறிச் செல்லும். இரண்டாவது கூற்றினுள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது என்பது நம் கருத்து. ஓய்வு கிடைத்தால் நூல் பிறந்துவிடும் என்பது உண்மையானால், ஓய்வூதியம் பெறுவோர் மலிந்த இக்காவிரிப் படுகையில் தெருவுக்கு ஒரு நூலாசிரியராவது இருத்தல் வேண்டும். ஓய்வு அவருக்கு நேரத்தைத் தந்தது, உண்மைதான். நூல்களைத் தந்தது வேறொன்று. அது எது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய ஆர்வம் மட்டும் நம்மை இதற்குத் தூண்டவில்லை என்பதையும் முதலிலேயே கூறிவிடுகிறோம். பணி ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்திருக்கும் நம் பங்கு மக்கள் பலரின் முகங்கள் இதை எழுதும்போது நம் கண்முன் நிற்கின்றன.

வேதநாயகர் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் நாம் வாழும் இச்சீர்காழிக்கு வந்தார். இங்கிருந்து மாயூரம் சென்றார். இரண்டு ஊர்களுக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவுதான். மாயூரத்திலேயே பதவி நிறைவு பெற்று, அங்கேயே வாழ்ந்து, 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். நாற்பத்தைந்தாம் வயதை ஒட்டி நாற்காலியை விட்டு எழுந்தவர், அதன்பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். இன்று தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 60. (58 ஆக இருந்தது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது.) அறுபதில் வீட்டுக்கு வருபவருக்கும் வேதநாயகருக்குக் கிடைத்த அளவு ஆண்டுகள் கிடைப்பது இக்காலத்தில் அரிதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்திய அளவில் அது ஒன்பதுக்கும் குறைவு.

அந்தப் பதினேழு ஆண்டுகளில் வெளிவந்தவற்றைப் பாருங்கள். தேவமாதா அந்தாதி, பெரியநாயகியம்மை பதிகம் முதலிய பக்தி நூல்கள் முதலில் வந்தன. 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனை. 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம். 1887இல் சுகுண சுந்தரி. இடையில் மாயூரம் நகர்மன்றத் தலைவர் பொறுப்பு வேறு. இத்தனையையும் ஒரு தனி மனிதர் தம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார் என்று எண்ணிப் படிப்போமானால் அந்நூல்களின் இயல்பே நமக்குப் பிடிபடாது.

நிற்க. கதவு சாத்திய வீடுகளைப் பற்றி ஒரு சொல்.

நம் பங்கில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். மக்கள் இருவரும் வெளியூரில். மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆயின. காலைத் திருப்பலிக்குத் தவறாது வருவார். முடிந்ததும் மற்றவர்கள் பால் வாங்கவும் பேருந்து பிடிக்கவும் விரைந்து கலைய, அவர் மட்டும் ஆலய வாயிலில் எதையோ மறந்துவிட்டவர் போல நின்றுகொண்டிருப்பார். ஒருநாள் நாம் அருகே சென்று நலம் விசாரித்தபோது சொன்னார்: “சாமி, நேத்துக் காலைல பூசை முடிஞ்சு போனப்புறம் இப்பத்தான் வாயத் தொறக்கறேன்.” அதில் குறைகூறும் தொனி இல்லை. ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறைகளில் பேசிப் பேசியே வாழ்ந்த மனிதர் அவர்.

இத்தகையோருக்கு நாம் வழக்கமாக வழங்கும் அறிவுரைகள் யாவை? செபமாலை சொல்லுங்கள், நல்ல நூல்களை வாசியுங்கள், காலையில் நடந்து வாருங்கள், தொலைக்காட்சியில் திருப்பலி பாருங்கள் என்கிறோம். எல்லாம் நல்லவையே. ஆனால் எல்லாம் ஒருவர் தனித்துச் செய்யத்தக்கவை என்பதைக் கவனிக்கிறோமா? தாகமாக இருக்கிறது என்பவருக்கு உப்புப் போட்ட சோற்றைப் பரிமாறுவது போன்றது இது. அரசும் ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணலுக்கு அழைத்து, ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துப் பதிவு செய்துகொள்கிறது. மற்ற நாள்களில் அதைக் கேட்க ஒருவர் வேண்டாமா?

இது நம் ஊர்க் கவலை மட்டுமன்று. பிரித்தானிய அரசு 2018இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரைப் பொறுப்பாக்கியது. சப்பான் 2021இல் அதைப் பின்பற்றியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2025ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், ஆண்டுதோறும் எட்டு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகளுக்கு அதனோடு தொடர்பு உண்டு என்றும் மதிப்பிட்டது. அமைச்சகம் அமைத்தால் தோழமை கிடைத்துவிடுமா என்பது வேறு கேள்வி. நோயின் அளவையாவது அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மீண்டும் மாயூரத்துக்குச் செல்வோம்.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுக்கும் வேதநாயகருக்கும் நட்பு திருச்சியிலேயே தொடங்கியது. ஒருவர் ஆழ்ந்த சைவர், மற்றவர் கத்தோலிக்கர். வேதநாயகர் சீர்காழியில் முன்சீப்பாக இருந்த காலத்தில் மகாவித்துவான் இங்கு வந்து தங்கியதும், சீகாழிக் கோவை என்னும் நூல் அக்காலத்தில் தோன்றியதும் உ.வே. சாமிநாதையர் எழுதிய வரலாற்றால் நாம் அறிபவை. வேதநாயகரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டு குளத்துக் கோவை என்ற நூலையும் மகாவித்துவான் பாடினார். தலபுராணங்கள் பாடிய நாவால் ஒரு கிறித்தவ நண்பரைப் பாடிய அந்தச் செயல் அன்று எளிதானதாக இருந்திராது. மாயூரத்தில் அவர்கள் ஒரே ஊரினராயினர். அதே ஊரில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். அவர் இல்லறம் புகாதவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் இருந்தார். அவர்மீது வேதநாயகர் பாடல்கள் இயற்றியிருக்கிறார்.

இந்நண்பர்கள் தமக்குள் ஒரே சுவையினர் அல்லர். 1871இல் மகாவித்துவானிடம் பாடம் கேட்க மாயூரம் வந்த இளைஞர் சாமிநாதையர், ஓய்ந்த நேரத்தில் பாரதியாரிடம் இசையும் பயின்றார். அதை அறிந்த மகாவித்துவான், இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குறையும் என்று கூற, இளைஞர் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார் என்பது அவரே தம் வரலாற்றில் எழுதிய செய்தி. இலக்கணப் புலவர் ஒருபுறம், இசைப் புலவர் ஒருபுறம். இருவரோடும் உறவாடிய வேதநாயகர் செய்யுளும் எழுதினார், கீர்த்தனையும் எழுதினார். ஒரே வகை மனிதர்களோடு மட்டும் பழகியவர்க்கு முதுமையில் ஒரே வகைப் பேச்சுத்தான் மிஞ்சும். நம் ஓய்வூதியர் கூட்டங்களில் அகவிலைப்படியையும் சர்க்கரை நோயையும் தவிர வேறு பேச்சு எழாமைக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. முன்சீப்பின் நட்பை யார்தாம் விரும்பமாட்டார்? கொடுக்கும் கையைச் சுற்றிப் புலவர் கூடுவது புதுமையா? நியாயமான ஐயம்தான். அதற்கு விடை நூல்களின் காலவரிசையிலேயே இருக்கிறது. குளத்துக் கோவை வேதநாயகர் பதவியில் இருந்த நாள்களில் எழுந்தது. ஆனால் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், வேதநாயகர் தம் கைப்பொருளை ஏழைகளுக்கு உணவளிப்பதில் செலவிட்டார். அது கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது ஒரு கீர்த்தனை பாடினார். அப்போது வேதநாயகரிடம் தீர்ப்பெழுதும் பேனா இல்லை. வாயிலில் சேவகன் இல்லை. பதவி இருந்தபோது வந்த பாட்டைவிடப் பதவி போனபின் வந்த பாட்டே ஒரு மனிதரின் உறவுகளை எடைபோட உதவும் என்று நாம் கருதுகிறோம். அலுவலகம் தந்த உறவு அலுவலகத்தோடு போகும். பிரிவு உபசார விழாவில் மாலையிட்டவர்களில் எத்தனைபேர் ஆறு திங்கள் கழித்து வாயிற்படி ஏறினார்கள் என்று நம் வாசகர்களில் ஓய்வு பெற்றவர்கள் எண்ணிப் பார்த்தால் போதும்.

இனி நூல்களுக்கு வருவோம். சர்வ சமய சமரசக் கீர்த்தனையைப் பற்றி நம்மவர் சிலருக்கு ஒரு மனக்குறை உண்டு. கத்தோலிக்கர் ஒருவர் இத்தனை கீர்த்தனைகள் இயற்றி, அவற்றில் கிறிஸ்துவின் திருப்பெயரை முன்னிறுத்தாமல், எச்சமயத்தாரும் பாடத்தக்க பொதுமையில் இறைவனை அழைப்பதேன்? எல்லாச் சமயமும் ஒன்றே என்னும் மயக்கத்தின் விளைவா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. தேவமாதா அந்தாதி பாடியவரும், வீரமாமுனிவர் வழியாக நம் மண்ணில் வேரூன்றிய பெரியநாயகி என்னும் பெயரால் அன்னையைப் பதிகத்தில் பாடியவரும் இவரேதான். சத்திய வேதக் கீர்த்தனைகளையும் இவர் தனியே இயற்றியிருக்கிறார். ஆகவே விசுவாசத்தில் தெளிவின்மை இல்லை. பின் காரணம் யாது?

கீர்த்தனை என்பது கண்ணால் படித்து மூடிவைக்கும் இலக்கியம் அன்று. அது வாய்களைத் தேடுவது. பாடுபவர் ஒருவர், உடன் பாடுபவர் சிலர், கேட்பவர் பலர் எனக் கூட்டம் இன்றேல் அது ஏட்டில் உறங்கும். மாயூரத்தில் வேதநாயகரைச் சூழ்ந்திருந்தவர்கள் யார்? சைவர்கள். அவர்களோடு ஒரே பாயில் அமர்ந்து ஒரே பாட்டைப் பாட வேண்டுமானால், எவரும் வாய்விட்டுச் சொல்லத் தடையில்லாத சொற்கள் வேண்டும். சமரசம் என்பது அவருக்குக் கொள்கையாகத் தோன்றுமுன் கூடத்தில் பாய் விரிக்கும் முறையாகத் தோன்றியிருக்கும் என்பது நம் எண்ணம். விருந்தினர் உண்ணாத பண்டத்தை அன்று அடுப்பில் ஏற்றாத வீட்டுக்காரரின் நாகரிகம் அது. இன்றும் கருநாடக இசை மேடைகளில் இக்கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. பாடுவோரில் பலர் இயற்றியவரின் சமயத்தை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. தமிழிசை மூவரைப் போற்றும் இச்சீர்காழியில் இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்நூலிலேயே பஞ்சம் நீங்க வேண்டி இறைவனிடம் முறையிடும் பாடலும் இடம்பெற்றிருக்கிறது. வெளியில் கஞ்சிக்கு வரிசை நிற்க, உள்ளே தனிமனித ஞானம் தேடிய எழுத்தன்று அது. இதைப் படிக்கும்போது 2022 நவம்பரில் நம் ஊர் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. ஒரே இரவில் ஏறத்தாழ 44 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள் எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்ற பட்டியல் எவரிடமும் இல்லை. பங்குப் பதிவேட்டில் பெயர் இருந்தது. ஆளை அறிந்திருந்தவர் பால்காரரும் பூக்காரம்மாவும்தான். எந்த முதியவர் மாடியேற முடியாதவர், எவருக்குக் கண் தெரியாது என்பதை அவர்களே சொன்னார்கள். நாள்தோறும் நாலு சொல் பேசுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரதாப முதலியார் சரித்திரத்தைப் பற்றித் திறனாய்வாளர்கள் கூறும் குறைகள் நாம் அறியாதவை அல்ல. கதை நேராகச் செல்லவில்லை, கிளைக்கதைகள் மிகுதி, அறவுரை மிகுதி, ஞானாம்பாள் ஆணுடை அணிந்து விக்கிரமபுரியை ஆள்வது நம்பத்தக்கதன்று. மேலைநாட்டுப் புதின இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டால் இவை யாவும் குறைகளே. அதன் கரு எப்போது தோன்றியிருப்பினும், நூல் அச்சேறியது 1879இல், ஆசிரியர் ஓய்வு பெற்று ஏழாண்டுகள் கழித்து. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையைப் போக்கவும், தம் முந்தைய நூல்களில் கூறிய அறங்களை விளக்கவும் எழுதியதாக முன்னுரையில் அவர் கூறுகிறார். ஆனால் நூலைப் படிக்கும்போது நம் காதில் விழுவது அறிஞரின் குரலைவிடத் திண்ணைக் குரலே. ஒரு கதையைத் தொடங்கி, “அதைக் கேட்டதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது” என்று மற்றொன்றுக்குத் தாவி, நடுவில் வழக்கறிஞர்களைக் கேலி செய்து, தமிழ் வழங்கும் நாட்டில் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடப்பானேன் என்று சினந்து, மீண்டும் விட்ட இடத்துக்கு வருகிற மனிதரின் குரல். எதிரே சிரிப்பவர்களும் மறுத்துப் பேசுபவர்களும் இருந்தால்தான் இப்படி ஒருவர் கதை சொல்ல முடியும். தனிமையில் வாடியவரின் எழுத்தில் வேறொரு குணம் இருக்கும்: ஒன்று தன்னிரக்கம், அன்றேல் எவரையும் நோக்காத இறுக்கம். இந்நூலில் இரண்டும் இல்லை. கிளைக்கதைகளின் மிகுதி கலைக்குறைதான். ஆயினும் அது தோழமை மிகுந்தவனின் குறை.

அப்புதினத்தில் நம் பொருளுக்கு மிக நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் மணம் பேசும் இடம் அது. ஒரு தந்தைக்கு ஒரே மகன். மற்றவருக்கு ஒரே மகள். மாப்பிள்ளை தம் வீட்டோடு இருக்கவேண்டும் என்கிறார் பெண்ணின் தந்தை. முடியாது என்கிறார் பிள்ளையின் தந்தை. நெருங்கிய உறவினர்களாகிய இருவரும் இதற்காகப் பகைக்கிறார்கள், மணப்பேச்சு முறிகிறது. இதைப் பெரும்பாலோர் பெரிய வீட்டுப் பிடிவாதமாகவும் நகைச்சுவையாகவும் படித்துக் கடந்துவிடுவர். நம் பார்வையில் நூலின் மிகக் கூர்மையான பகுதிகளுள் அதுவும் ஒன்று. இரு கிழவர்களும் சண்டையிடுவது சொத்துக்காக அன்று, மானத்துக்காகவும் அன்று. மகள் போனபின் அந்தப் பெரிய வீட்டில் மாலை விளக்கேற்றும் நேரத்தில் தம் எதிரே யார் இருப்பார் என்ற அச்சம் பெண்ணின் தந்தைக்கு. அதே அச்சம் மற்றவருக்கும். அச்சத்தை அச்சம் என்று சொல்ல இருவருக்கும் நா எழவில்லை. ஆதலால் அது வீம்பாக வெளிப்படுகிறது. முதியோரின் முரட்டுப் பேச்சுக்குப் பின்னே பலசமயம் இதுதான் இருக்கிறது என்பதைப் பங்குகளில் பணியாற்றும் எவரும் அறிவர். மருமகள் சமையலில் குற்றம் காணும் மாமியார், வாடகைக்காரரோடு தண்ணீருக்காக நாள்தோறும் சண்டையிடும் பெரியவர், பங்குப் பேரவையில் கணக்குக் கேட்டு எழுந்து நின்றே தீரும் முன்னாள் எழுத்தர் ஆகிய மூவருமே ஒருவர் தம்மோடு பேசுவதற்கான வழியைத்தான் தேடுகிறார்கள்.

வேதநாயகரின் கதையில் இரு தந்தையரில் ஒருவராவது வெல்லும் வாய்ப்பு இருந்தது. இன்று இருவருமே தோற்கிறார்கள். மணமக்கள் பெண் வீட்டிலும் இல்லை, பிள்ளை வீட்டிலும் இல்லை; சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். குற்றம் சொல்வதற்கில்லை. படுகையில் நெல் இருக்கிறது. பட்டம் படித்தவனுக்கு வேலை இல்லை.

குருமட நாள்களில் இலத்தீன் பாடத்தில் சிசரோவின் முதுமை பற்றிய உரையாடலைத் தொட்டவர்களுக்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றும். கி.மு. 44ஆம் ஆண்டில், அரசியலில் செல்வாக்கிழந்து, அன்பு மகளை முந்தைய ஆண்டில் பறிகொடுத்த நிலையில் அவர் அதை எழுதினார். அதே ஆண்டில் நட்பைப் பற்றியும் ஒரு நூல் செய்தார். இரண்டையும் ஒரே நண்பராகிய அட்டிக்கசுக்கே உரிமையாக்கினார். முதுமையைப் பற்றிப் பேச எடுத்தவர் நட்பைப் பேசாமல் விட முடியவில்லை போலும். முதுமை நூலில் எண்பத்து நான்கு வயதுக் கேட்டோ பேசுகிறார். கேட்பவர்கள் இளைஞர் இருவர். லூக்கா நற்செய்தியில் வரும் அன்னாவுக்கும் எண்பத்து நான்கு என்பது சுவையான தற்செயல். அந்த மூதாட்டியைப் பற்றி நாம் மறையுரைகளில் அவர் நோன்பையும் செபத்தையுமே எடுத்துரைக்கிறோம். அவர் மக்கள் வந்துபோகும் கோவிலை விட்டு நீங்காதிருந்தார் என்பதையும், குழந்தையைக் கண்டபின் அங்கிருந்த எல்லாரிடமும் அதைப் பற்றிப் பேசினார் என்பதையும் லூக்கா சேர்த்தே எழுதியிருக்கிறார்.

வேதநாயகரின் வட்டத்திலும் இளையோர் இல்லாமல் இல்லை. மகாவித்துவானின் மாணவர்கள் இருந்தார்கள். அம்மாணவருள் சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவரும் ஒருவர். மகாவித்துவானுக்கு ஓய்வூதியம் என்ற ஒன்று வாழ்நாளில் இருந்ததில்லை, கடன் இருந்தது. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், இன்று நம் அரசு ஊழியர் ஓய்வு பெறும் அதே அறுபது வயதில், அவர் காலமானார். இறுதிவேளையில் அருகிருந்து தாங்கியவர் சவேரிநாத பிள்ளை. சாமிநாதையர் திருவாசகம் வாசித்தார். சைவப் பெரும்புலவரின் தலை சாய்ந்தது கிறித்தவ மாணவரின் மார்பில். மாத வருமானம் இருந்தவரும் இல்லாதவரும் ஆகிய இரு நண்பர்களின் முதுமையையும் ஒருசேர நோக்கும்போது, தனிமையைத் தடுப்பது வைப்புநிதி அன்று என்பது விளங்குகிறது. (வைப்புநிதி வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. மகாவித்துவானின் கடன் குடும்பத்தை வாட்டியதும் உண்மையே.)

1887இல் வந்த சுகுண சுந்தரியை நம்மால் அதே அளவு புகழ முடியவில்லை. கல்வி, மணவயது முதலிய சீர்திருத்தக் கருத்துகள் அதில் உண்டு. அவற்றின் துணிவை மதிக்கிறோம். ஆனால் முதல் நூலில் பலர் பேசினார்கள். இதில் பெரும்பாலும் ஒருவரே பேசுகிறார். மகாவித்துவான் மறைந்து பதினோராண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஆசிரியருக்கு அறுபது. எதிரே அமர்ந்து “அண்ணா, அது அப்படியன்று” என்று இடைமறிக்கும் குரல்கள் குறைந்துபோனதன் அடையாளம் இது என்று கொள்வது மிகையாகுமோ? இருக்கலாம். எனினும் இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு இவ்வெண்ணம் எழாமல் இராது. சேர்த்துவைத்த நண்பர் கூட்டமும் காலத்தால் கரைவதே. ஆகையால்தான் சேர்த்தலை ஐம்பதோடு நிறுத்திவிட முடிவதில்லை.

பங்குக் குருக்களுக்கும் இது பொருந்தும். 75 வயது நிறைந்ததும் பதவி விலகலை ஆயரிடம் அளிக்குமாறு 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நம்மைக் கேட்டுக்கொள்கிறது. ஊர் ஊராக மாற்றம் பெற்று வாழும் நமக்கு, பங்கு என்னும் நாற்காலியால் வந்த உறவு எவ்வளவு, நம்மால் வந்த உறவு எவ்வளவு என்பது அன்றுதான் தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியாரைப் போலக் குடும்பமின்றி ஓர் ஊரில் முதுமையடைவதற்கு அவரைப் போலவே ஒரு கையில் பாட்டும், மறு கையில் நாலு வீட்டுத் திண்ணையும் தேவைப்படும் போலும்.

திண்ணைகளை இடித்து இரும்புக் கதவு போட்ட தெருக்களில் இனித் திண்ணை எழப் போவதில்லை. ஆனால் அன்பியக் கூட்டம் என்ற ஒன்று நம்மிடம் இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய மூத்தோர் நாளும் ஆண்டுதோறும் சூலை நான்காம் ஞாயிறன்று வருகிறது. முதுமையில் தம்மைத் தள்ளிவிட வேண்டாம் என்று மன்றாடும் 71ஆம் திருப்பாடலை 2024இல் அந்நாளுக்குரிய கருப்பொருளாக அவர் தந்தார். வேதநாயகர் மறைந்த 21ஆம் நாளும் அதே திங்களில்தான். அன்று முதியோருக்குச் சால்வை போர்த்தி, சாப்பாடு போட்டு, ஒளிப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைவிடப் பிரதாப முதலியார் சரித்திரத்தை ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் கையில் கொடுத்து, வாரம் ஒரு மாலை அன்பியத்தில் உரக்க வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம். பழைய நடை முதல் இரண்டு வாரங்கள் சற்றே தடுக்கும். வடசொற்களுக்கு அவர் பொருள் சொல்லட்டும். தனியே படிப்பவரை அலுக்கச் செய்யும் கிளைக்கதைகள், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும்போது சுமையாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு மாலைக்குப் போதுமான அளவிலேயே அமைந்திருக்கிறது. இரு தந்தையரின் சண்டை வரும் அன்று மட்டும் வாசிப்பவர் சற்று நிறுத்தி நிறுத்திப் படிப்பது நல்லது. கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.